செல்விக்குக் கிடைத்த மூன்று மாத வார்டு

14 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

ஈரேழு உலகத்திலும் எவனும் நம்பாத கதை இது. மதுரையில் தீவிர சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் என் அக்கா மகள் டாக்டர் செல்வி, பொது மருத்துவ வார்டில் மூன்று மாதம் வேலை பார்க்காவிட்டால் அவள் படிப்பில் ஒரு வருஷம் வீண். எங்கள் போடி ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"மெஷினோட பழகுன புள்ளைக்குக் காய்ச்சல் வார்டுல என்ன சோலி?" என்றார்.

அந்த நேரம் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து நாற்பது ஜீப்பில் நானூறு பேர் மயங்கி வந்தார்கள். காய்ச்சல்தான் என்றார் டாக்டர். செல்வி இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணுமணி கடுகாட்டம் சுருங்கியிருக்கு. டிரைவரண்ணே, தோட்டத்துல பூச்சிமருந்து அடிச்சீகளா?"

"ஆமா தாயி, விடிஞ்சதுல இருந்து."

செல்வி விஷமுறிவு ஊசி போட்டதும் நானூறு பேரும் எழுந்து ஓடினார்கள். "நாளைக்கே வந்துரும்மா" என்று டாக்டர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சரி, வந்தது ஒரே ஜீப்பு, அதில் ஒரே ஆள். சாயங்காலம் கண் விழித்துக் காப்பி கேட்டான். கையெழுத்து மட்டும் நிஜம். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.