பூஜ்யமாகிப் போன உறுப்பு

மார்ச் 4
கிணற்றுத் தண்ணீர் பரிசோதனை முடிவு வந்தது. முலாம் பூசும் ஆலைக்குத் தெற்கே, தம்பி குடியிருக்கும் தெருக் கிணறு. ஆலைக் கழிவில் வரும் குரோமியம், அனுமதித்த அளவில் நூற்றுப் பன்னிரண்டு சதவீதம். போன வருடம் நான் எழுதிய கணினி நிரல் போட்ட கணக்கில் இந்த வருடம் எழுபதுதான் வர வேண்டும். அந்த எழுபதை நம்பித்தான் கிணற்றை மூடாமல் விட்டார்கள்.
எங்கள் ஆலோசனை நிறுவன மேலாளர் தாளைத் தள்ளிவிட்டார். “ஆய்வகத்துல பாட்டில மாத்தியிருப்பாங்க. மறுபடி எடுக்கச் சொல்லலாம்.” நானும் தலையாட்டினேன்.

மார்ச் 6
மறுபரிசோதனை: நூற்றுப் பதினொன்று. இரண்டு பாட்டிலுமா மாறும்?

மார்ச் 7
கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது.
கழிவு மண்ணுக்குள் நகர்வதைச் சொல்லும் சூத்திரத்தில் இரண்டு உறுப்புகள். இரண்டாவது, ஒரு ராட்சத எண்ணையும் ஒரு துளியூண்டு எண்ணையும் பெருக்கினால் வருவது. அந்தத் துளியை, ஒன்றிலிருந்து ‘எரர் ஃபங்ஷன்’ எனும் பிழைச் சார்பைக் கழித்து எடுத்திருக்கிறேன். சார்பு ஒன்றை மிக நெருங்கும்போது கணினியிடம் அதற்குமேல் இலக்கம் இல்லை. ஒன்று என்றே வைத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம். ராட்சத எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம். உறுப்பு மாயம். எச்சரிக்கை கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது.
கழித்தே இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒரே சார்பாகக் கணக்கிட வேண்டும். பாடப்புத்தகத்திலேயே இருக்கு. பதினெட்டு வருஷமா இதே வேலை பாக்கறேன் — ச்சே. பன்னிரண்டு வரி மாற்றி எழுதினேன். நூற்றுப் பத்து வந்தது.
பிழைச் சார்பு. பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.
தம்பி மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். அந்த வீட்டைப் பார்த்தபோது, தண்ணீர் எப்படி என்று தம்பி என்னைத்தான் கேட்டான். “தாராளமா குடிங்க, நான் போட்ட கணக்குதானே” என்றது என் வாய்தான்.

மார்ச் 8
மேலாளரிடம் காட்டினேன். தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். பிறகு: “ஆண்டறிக்கை போகட்டும். அப்புறம் திருத்தின பதிப்புன்னு வெளியிடலாம். ஆறே வாரம். குடியா முழுகிடப் போகுது?”
குடிக்கிறவங்களுக்கு?
மதியம் தம்பியைக் கூப்பிட்டேன். “கிணத்துத் தண்ணிய இப்பவே நிறுத்து.” காரணத்தைக் கேட்டவன் கத்துவான் என்று நினைத்தேன். “எங்களுக்கு மட்டும்தான் சொல்றியா? பக்கத்து வீட்ல ரெண்டு கைக்குழந்தை இருக்குக்கா” என்றான்.

மார்ச் 11
நீர் வாரியத்துக்குக் கடிதம் கொடுத்தேன். தப்பான வரி, சரியான வரி, என் கையெழுத்து. அங்கிருந்து தம்பி தெருவுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். முப்பத்தொரு வீடு. கடைசியில் ஒரு தையல்காரர். “தப்பு யாரோடது?”
“என்னோடது.”
கதவைச் சாத்துவார் என்று பார்த்தேன். உள்ளே போய்க் குடத்தைத் தூக்கி வந்து, என் காலடியில் நிதானமாகக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 12
வேலை போயிற்று.

மார்ச் 29
குழந்தை தங்கவில்லை.

ஏப்ரல் 2
டாக்டர் சொன்னார்: “தண்ணிதான் காரணம்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது.” எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.
தம்பி மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் எழுந்தபோதுதான் கேட்டாள். “எத்தனை டம்ளர் குடிச்சிருப்பேன், அண்ணி?”
மனது தானாகவே பெருக்கிவிட்டது. விடை வந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 20
தெருக் கிணற்றுக்கு மூடி போட்டார்கள். தண்ணீர் லாரி வருகிறதாம். தம்பி ஃபோனை எடுப்பதில்லை.

ஜூன் 17
தம்பி கூப்பிட்டான். ஊரின் மறுகோடியில் வீடு பார்த்திருக்கிறார்களாம். “அந்த வீட்டுத் தண்ணி ரிப்போர்ட்ட அனுப்பியிருக்கேன். பாத்துச் சொல்லு.”
“நான் பாத்தா போதாதுடா. வேற யார்கிட்டயாவது காட்டு.”
“காட்டியாச்சு. அப்பவும் நீ பாக்கணும்னு அவ சொல்றா.”
“பக்கத்துல இருக்காளா?”
“இருக்கா. பேச மாட்டா.”
முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பான் போல. முடிக்கும்வரை அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.