கீழே தெரியும் பந்து

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் மூட்டுவலி இப்போது பரவாயில்லை. நீங்கள் சுகமாக இல்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தானே என் போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள்? உங்கள் அணிக்கு உடம்பு பிடித்துவிடும் அண்ணன் விடுப்பு முடிந்து அங்கே கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமிருந்து நீங்கள் தப்பிக்க முடியாது.

நீங்கள் சதம் அடித்த அன்று தெருவே கூச்சல். கீழ்வீட்டு டெய்லர் கேக் வாங்கி வந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிவியில் ஒருவர், தலையைச் சாய்த்து நிற்கிறாரே, இந்த வயதில் புது ஸ்டைல், அனுபவம் என்றால் இதுதான் என்று ஆகா ஓகோ என்கிறார். அனுபவமாம், மண்ணாங்கட்டி! ஊரில் வலைப்பயிற்சியில் ஹெல்மெட்டில் பந்து பட்ட நாளிலிருந்து சாய்ந்த தலை அது. அன்றைக்குத் தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டுச் சிரித்தீர்கள். “ரெண்டு பந்து தெரியுதுடி. கீழ இருக்கறத அடிச்சா சரியா இருக்கு, பயப்படாத” என்றீர்கள்.

யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்தோமே அந்த நரம்பு டாக்டர், அவர் சொன்னதை மறந்துவிட்டீர்களா? தலைக்குள் கசிந்த ரத்தம் இன்னும் கரையவில்லை, மறுபடி அடிபட்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று வருடம் மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிய பிறகு கிடைத்த இடம். இப்போது உட்கார்ந்தால் மறுபடி எழுப்ப மாட்டார்கள் என்கிறீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்த நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று பார்த்தவள் நான்.

நேற்று பாப்பா வாசலில் மட்டையைப் பிடித்துத் தலையைச் சாய்த்து நின்றாள். “அப்பா மாதிரி நிக்கிறேன், பாரும்மா” என்றாள். என்னையறியாமல் ஓங்கி அறைந்துவிட்டேன். ஏன் அடித்தாய் என்று தேம்பித் தேம்பிக் கேட்கிறாள். என்ன சொல்ல? வெளியே சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் என் கையை வைத்துத்தானே சத்தியம் வாங்கினீர்கள்?

அடுத்த ஆட்டத்தில் அந்த உயரமான வேகப்பந்துக்காரன் வருகிறான். அவன் பந்து நெஞ்சுக்குக் கீழே வருவதே அபூர்வம். தயவுசெய்து அணி டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் வரை பார்ப்பேன். அதற்குள் சொல்லாவிட்டால் கேப்டனுக்கு நானே போன் செய்வேன். நம்பரை அவர் மனைவியிடம் வாங்கி வைத்திருக்கிறேன். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இத்தனை நாள் பயந்து செத்தேன். அப்பா இல்லாமல் போவதைவிட அவளுக்கு வேறென்ன ஆகிவிடப் போகிறது?

என்னை மன்னிக்க மாட்டீர்கள், தெரியும். முதல் விமானத்தில் ஏறி வாருங்கள். வாசலில் நிற்க வைத்து, முகத்துக்கு நேராகத் திட்டுங்கள். என் முகமும் இரண்டாகத் தெரிந்தால் இரண்டையும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். திட்டுவதற்கு நீங்கள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா