பெஞ்சில் விட்டுப்போன கைத்தடி

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. சபைப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறேன். நாலு மணிக்கு வந்துவிடுவேன்.

உங்களைக் கேட்காமல் முழங்கால் வலியை ஜெபப் பட்டியலில் எழுதியது என் தப்புதான். ஞாயிறன்று போதகர் உங்கள் பெயரை வாசித்ததும், "நான் என்ன சாகவா கிடக்கேன்?" என்று கத்திவிட்டு வெளியே போனீர்கள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை.

அன்று கைத்தடியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுத்தான் நடந்தீர்கள். சபையே பார்த்தது. இன்றுவரை நீங்கள் அதைத் தேடவும் இல்லை.

ஆலயத்தில் மணியடிப்பவர் மதியம் அதைக் கொண்டுவருவார். "அண்ணனுக்கு இது இன்னும் வேணுமாக்கா?" என்று சிரித்தார். பதிலை நீங்களே சொல்லுங்கள்.

பி.கு.: குணமானதற்கு யாராவது எழுந்து சாட்சி சொன்னால்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள். ஞாயிறன்று நான் எழுந்து சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்தால் போதும்.