மூன்றாவது தலைப்பு

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்பதை உன் வாயால் கேட்கும்வரை நான் உறுதி செய்துகொள்வதற்கில்லை.

கல்லூரி மாணவர் வலைப்பதிவில் எழுத மூன்று தலைப்புகளை அனுப்பி, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். அலுவலகக் கணினியில் இதற்குப் பதில் எழுதுவது முறையாகாது. ஆகவே ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும் என்றாய்; புதனுக்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

முதல் தலைப்பு, தேர்வுப் பயத்தை வெல்வது எப்படி. ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய நாள் தவறாமல் காய்ச்சலில் படுப்பவள் நீ. இப்பொருளில் உன் சாட்சியம் எடுபடாது. ‘அவ எழுதினா அவளே நம்ப மாட்டா’ என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இரண்டாவது, முதலாண்டில் நண்பர்களைத் தேடுவது. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நால்வர் இதை எழுதியிருக்கிறார்கள். நான்கையும் படித்தேன். சிரித்த முகத்தோடு இருங்கள் என்கிறார்கள் நால்வரும். ஐந்தாவதாக ஒருத்தி சொல்ல வேண்டிய அவசியம் எனக்குப் புலப்படவில்லை.

மூன்றாவது, உங்கள் விடுதியின் பின்படிக்கட்டுக் கதவு. அது எந்நேரமும் பூட்டியே கிடக்கிறது என்றும், அதன் முன்னால் உடைந்த கட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள் என்றும், நான்கு மாடிகளில் உள்ள இருநூறு பேருக்கும் முன்படிக்கட்டு ஒன்றே வழி என்றும் எழுதியிருந்தாய். உன் மாடியில் சுவிட்ச் போர்டில் அடிக்கடி தீப்பொறி பறக்கிறது என்றும் எழுதியிருந்தாய். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு வார்டன் அம்மா, ‘திருட்டுப் பயம்மா, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்’ என்றாராம்.

இத்தலைப்பைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை.

காரணத்தை, சொல்ல எனக்கு உரிமையுள்ள அளவுக்குச் சொல்கிறேன். விடுதியை நடத்தும் அறக்கட்டளைக்கு எங்கள் நிறுவனமே சட்ட ஆலோசகர் என்பது உனக்குத் தெரியும். அவர்களுடைய கோப்புகள் என் மேசைக்குத்தான் வருகின்றன. உன் கதவைப் பற்றி அவற்றில் ஏதேனும் இருக்கிறதா, இல்லையா என்று நான் வாய் திறக்கக் கூடாது. இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் இக்கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

போன வாரம் அறக்கட்டளைச் செயலாளர் என் அறைக்கு வந்தார். ‘உங்க பொண்ணு நம்ம விடுதியிலதானே சார்? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்குவோம்’ என்றார். அவர் போகும்வரை பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். விடுதிச் சேர்க்கைப் படிவத்தின் பன்னிரண்டாம் விதியைப் படித்துப் பார். நிர்வாகத்தின் அனுமதியின்றி விடுதியைப் பற்றி எவ்வடிவிலும் எதையும் வெளியிடும் மாணவியை நீக்கலாம் என்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன் அதை எழுதியவன் நான். உன் தந்தை என்ற முறையில் அதன் கீழே கையெழுத்திட்டவனும் நான். கையெழுத்திடுமுன் இன்னொரு முறை படித்து, எங்கும் ஓட்டை இல்லை என்று பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. மூன்று நாளாக அதில் ஓட்டை தேடுகிறேன். நன்றாகத்தான் அடைத்திருக்கிறேன்.

ஆகவே, எழுது என்று நான் சொல்லவில்லை. அது என் கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதை அம்மா வாங்கிப் படித்தாள். ‘மூணுல ரெண்ட அடிச்சிட்டீங்க. மிச்சம் எதுன்னு அவளுக்குத் தெரியாதா? விடுதிய விட்டு அனுப்பினா அனுப்பட்டுமே, புள்ள வெளிய வந்துடுவால்ல’ என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதமாகிவிடாது என்பதே சட்டம். இவ்வீட்டில் உன் அம்மா இருபத்தைந்து வருடமாக வேறு விதமாகவே தீர்ப்பளித்து வருகிறாள்.

அது எப்படியும் இருக்கட்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தத் தலைப்பில் எழுதினாலும் சரி, இது கைக்கு வந்த அன்றே தரைத்தளத்துக்கு அறை மாற்றிக்கொள். உன் அறைத் தோழிகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போ. காரணம் கேட்டால், அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி, போன் போட்டு உயிரை எடுக்கிறார் என்று சொல். அது முழு உண்மை. மேல்மாடிகளில் மீதி இருப்பவர்களை எண்ணிப் பார்க்காமலிருக்கத்தான் நானும் முயல்கிறேன், முடியவில்லை.

படித்ததும் கிழித்துவிடு என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். கிழிக்க வேண்டாம். பத்திரமாக வைத்துக்கொள். கேட்பவர்களிடம் காட்டலாம், கையெழுத்து என்னுடையதுதான்.

போகும் வழியெல்லாம் உனக்குத் திறந்தே இருக்கட்டும், மகளே.

உன் அன்பு அப்பா