கல்லறையில் கற்பூரம்

ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பேர்லினிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் கார் ஓடி வந்த அக்காவையும் அத்தானையும் நானேதான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய கற்கல்லறை. அதைப் பாதுகாப்பது என் வேலை. கோடையில் யாரோ அதன்மேல் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டியதில் மூடுகல்லில் ஒரு துண்டு உரிந்து விழுந்துவிட்டது. காரில் போகும்போது இதைத்தான் வழி முழுக்கச் சொன்னேன்.

உரிந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், அக்கா அதே கல்லில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். ஓடிப்போய் ஊதி அணைத்தேன்.

“கற்பூரத்தை ஆரும் வாயாலை ஊதுவினமோ?” என்று அக்கா கத்தினார்.

“இது கோயில் இல்லை அக்கா. சூடு பட்டா கல்லு வெடிக்கும். எத்தினை தரம் சொன்னனான்?”

“உள்ளுக்கை ஆக்களைத் தாட்டுப் புதைச்சவை எண்டும் நீதானே சொன்னனீ. அவைக்கு ஒரு விளக்கு வைக்க ஆர் இருக்கினம்?”

அத்தான் சமாதானம் செய்வதாக நினைத்து, தண்ணீர் ஊற்றிக் கைலேஞ்சித் துணியால் கரியைத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தால் கரி கல்லுக்குள் இறங்கும் என்று அவர்மீதும் கத்தினேன். இப்போது அங்கே உள்ளங்கை அளவு கறுப்பு. நாளை மேலாளர் வேலி போடச் சொல்வார். வேலி வேண்டாம், சனம் கிட்ட வந்து பார்க்கட்டும் என்று இத்தனை நாளும் அவரோடு சண்டை பிடித்தவள் நான்.

அக்கா சாப்பிடாமலே போய்விட்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: “அடுத்த முறை பூ மட்டும் கொண்டுவாறன். பூவுக்கும் கல்லு வெடிக்குமோ?”

பூவால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பதிலாக அனுப்பத்தான் இன்னும் மனம் வரவில்லை.