ஆலாக்கள் உட்கார்ந்திருந்த கட்டை

13 டிசம்பர் 1996, இராமேஸ்வரம்.

ஈரக் கேமராவைத் துடைத்து வைத்தாகிவிட்டது. தூக்கம் வரவில்லை.

பூநாரைகளைப் படமெடுக்கத்தான் திருச்சியிலிருந்து வந்தேன். வாடைக்காற்றுக்கு தனுஷ்கோடியில் ஒன்றுகூட இறங்கவில்லை. காலையில் எரிச்சலோடு நின்றபோது, தூரத்தில் அலையில் மிதந்த கறுப்புக் கட்டை ஒன்றின்மேல் ஆலா என்னும் கடற்பறவைகள் நான்கு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. லென்சுக்குப் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, மழை மறைக்கும்வரை எடுத்தேன். கட்டையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பறவை எச்சம் படத்தைக் கெடுக்கிறதே என்று சலித்துக்கொண்டேன்.

மதியம் டீ குடிக்க ஒதுங்கிய குடிசைக்கு ஒரு பெண் நனைந்தபடி வந்தாள். நேற்று கடலுக்குப் போன அவள் கணவன் திரும்பவில்லை.

"சார், அந்தப் பெரிய கண்ணாடியில எங்க வீட்டுக்காரக வள்ளம் தெரியுதான்னு பாருங்க. தார் பூசுன வள்ளம். ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டிருப்பாக."

காலையில் பார்த்ததைச் சொன்னேன். கவிழ்ந்து கிடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. குடிசையில் இருந்த மீனவர்கள் எழுந்து கரைக்கு ஓடினார்கள். காலையிலேயே சொல்லியிருந்தால் அப்போதே போயிருப்பார்கள். ஆலாவின் கண் துல்லியமாக விழவேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

அவள் மட்டும் போகாமல் குடிசை வாசலில் நின்றாள்.

"மேல ஆளு யாரும் இருந்தாகளா சார்?"

"பறவைதாம்மா உட்கார்ந்திருந்துச்சு."

ஆள் இருந்தால் பறவை உட்காராது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.