பதியாத விரல்

ஆம்பூர்

அன்புள்ள சௌமியா அப்பாவுக்கு, கமலம் எழுதுவது. இங்கே நானும் மகளும் இருக்கிறோம். ஐதராபாத் ஜெயிலில் உங்களுக்குக் கெங்கையம்மன் துணையிருக்கட்டும்.

உங்ககூட உள்ள இருந்து இதைப் படிச்சுக் காட்டுற சேலத்துத் தம்பிக்கு ஒரு வார்த்தை. வலது காதுப் பக்கமா உக்காந்து நிதானமா படிச்சுக் காட்டுப்பா. அவருக்கு இடது காது, தோல் பதனிடற டேனரி டிரம் சத்தத்துல போயிடுச்சு.

சௌமியா ஷூ கம்பெனியில தையலுக்குச் சேர்ந்துட்டா. காலேஜை அப்புறம் பார்த்துக்கலாம்ங்கறா. தெருவுல யாரும் உங்களைப் பத்திக் கேக்கறதில்ல. கேக்காம இருக்கறதுதான் பேஜாரா இருக்கு.

குற்றத்தை ஒத்துக்கிட்டா இதுவரைக்கும் இருந்த நாளே போதும்னு விட்டுடுவாங்களாம், ஒத்துக்கறேன்னு சொன்னீங்களாமே. வக்கீல் புஷ்ரா நேத்து சொன்னாங்க. "ரேகை என்னுதுதானே, என் பேர்ல இருக்கற சிம்மாலதானே அந்த ஐதராபாத் டீச்சரம்மா பணம் போச்சு"ன்னு அழுதீங்களாம். இன்னா மனுஷன் நீங்க.

டேனரி வாசல்ல குடை போட்டு உக்காந்தவன்தான் இலவச சிம் தர்றேன்னு கூப்பிட்டான். மெஷின்ல ரேகை பதியலை, இன்னொரு வாட்டி விரலை வைங்கன்னான். வேற ஆளா இருந்தா சந்தேகப்பட்டிருப்பான். உங்களுக்கு அது ரேஷன் கடையில மாசாமாசம் கேக்கற பேச்சு. தோல் ஊறப்போடற சுண்ணாம்புல தேஞ்ச விரலாச்சே, அவன் சொல்லச் சொல்ல வச்சீங்க. அன்னைக்குன்னு பார்த்து அது நல்லா பதிஞ்சிருக்கு. வச்ச ஒவ்வொரு வாட்டியும் உங்க பேர்ல ஒரு சிம். உங்க கைக்கு வந்தது ஒண்ணுதான். மத்தது எவன் கைக்கோ போய், பேங்க்ல இருந்து பேசறேன்னு அந்த டீச்சரம்மாவை ஏமாத்தியிருக்கு.

அடுத்தவன் அடையாளத்தைத் திருடறவனைப் பிடிக்கத்தான் உங்க மேல பாய்ஞ்ச அந்தச் சட்டமே போட்டிருக்காங்களாம். அந்தம்மா பணத்தைப் பறிகொடுத்தாங்க, நீங்க பேரைப் பறிகொடுத்தீங்க. அன்னைக்கு உங்க பக்கத்துல நின்ன முஸம்மில் கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்னுட்டான். நீங்க ஒத்துக்கிட்டா குடைக்காரனைத் தேடறதை விட்டுடுவாங்க. அவன் இன்னொரு வாசல்ல குடை விரிப்பான். டீச்சரம்மாவுக்கும் ஒத்தைக் காசு திரும்பாது. சௌமியாவைக் கட்டிக்க வர்றவன் வீட்டுல, அப்பன் திருடன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

ஆனா ஒத்துக்காம கேஸை நடத்தினா நாள் ஜாஸ்தி ஆகும்னாங்க வக்கீலம்மா. ஜாமீனுக்கு அந்த ஊர்க்காரங்க யாராவது நிக்கணுமாம். நமக்கு அங்க யார் இருக்கா? எப்படியாவது சீக்கிரம் வந்துடுங்கன்னு எழுதத்தான் உக்காந்தேன். எழுதறது வேறயா இருக்கு. உங்களை அங்கேயே இருங்கன்னு சொல்ற பொண்டாட்டி நான் ஒருத்திதான் இருப்பேன். அழுகையா வருது. தம்பி படிக்கற கடுதாசியில இதுக்கு மேல எழுத முடியாது.

கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கற காகிதத்தை நீட்டி விரல்ல மை தடவுவாங்க. விரலை மடக்கிக்குங்க. ரேஷன் கடையில இருந்து வெறுங்கையோட திரும்பினப்பல்லாம் அந்த விரலைத் திட்டியிருக்கேன். இனிமே திட்ட மாட்டேன். அந்தக் காகிதத்துல மட்டும் அது பதியாமலே இருக்கட்டும் சாமி.

இப்படிக்கு,
ரெண்டு தட்டு கழுவி மூணாவதையும் கழுவி வைக்கும்
கமலம்